மலை வீங்குது, எப்போ கிளம்பணும்?

1980, மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துல இருக்கிற செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்கு வடக்கே, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டுல டேவிட் ஜான்ஸ்டன் என்கிற 30 வயசு விஞ்ஞானி இருக்கார். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில வேலை. லேசர் கருவியை மலைப் பக்கம் திருப்பித் தூரத்தை அளக்கிறார். மலையோட வடக்குச் சரிவு வீங்கிக்கிட்டே இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு நாளைக்கு சுமார் 2 மீட்டர். வாரக்கணக்கா இதே கதை. நீங்க தியேட்டர்ல ஒரு படம் பார்த்துட்டு வெளியே வர்றதுக்குள்ள அந்தச் சரிவு ஒரு ஜாண் முன்னாடி வந்திருக்கும்.

அன்னைக்குக் காலையில எடுத்த அளவை அவர் ரேடியோவுல சொன்னார். புதுசா எதுவும் இல்லை. வீக்கத்தோட வேகம் பழைய வேகம்தான். மலை வெளியே விடுற கந்தக வாயு, தரையோட சூடு, எதுலயும் மாற்றம் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழிச்சு, 8:32க்கு, அந்த வடக்குச் சரிவு மொத்தமா சரிஞ்சது. மலை வெடிச்சது. ஜான்ஸ்டனையும் சேர்த்து 57 பேர் இறந்தாங்க.

இந்த எபிசோடை நான் பண்ண நினைச்சதே அந்தப் 'புதுசா எதுவும் இல்லை'க்காகத்தான். எரிமலை வெடிக்கிறதுக்கு முன்னாடி வீங்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதை மில்லிமீட்டர் கணக்குல அளக்கவும் முடியும். அப்படி இருந்தும் ஒரு ஊரை எப்போ காலி பண்ணச் சொல்லணும்னு ஏன் இவ்வளவு குழப்பம்? அதுக்கு முதல்ல மலைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

பாடப்புத்தகத்துல பாறைக்குழம்புன்னு படிச்சிருப்போம். நான் மாக்மான்னே சொல்றேன். மாக்மா ஏன் மேலே வருது? யாரும் கீழே இருந்து பம்ப் பண்ணலை. உருகின பாறை, சுத்தி இருக்கிற உருகாத பாறையை விட எடை குறைஞ்சது. தண்ணிக்குள்ள அமுக்கின பந்து மேலே வர்ற மாதிரி அதுவும் மேலே வருது. ஆனா வழியில தண்ணி இல்லை, கெட்டிப் பாறை. அதனால சில கிலோமீட்டர் ஆழத்துலயே பெரும்பாலும் நின்னுடும். அங்கே சேர ஆரம்பிக்கும்.

படத்துல எல்லாம் மலைக்கு அடியில ஒரு பெரிய குகை, அதுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல ஏரி மாதிரி கொதிக்கிற குழம்புன்னு வரைஞ்சிருப்பாங்க. உண்மையில பெரும்பகுதி படிகங்கள் நிறைஞ்ச கூழ். நடுநடுவே உருகின பகுதி. அந்தப் படத்தை மனசுல இருந்து அழிச்சுட்டா, மேலே சொல்லப்போறது புரியறது சுலபம்.

அடுத்து, வாயு. மாக்மாவுக்குள்ள தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் கரைஞ்சிருக்கும். எடையில சில சதவீதம்தான். ஆழத்துல அழுத்தம் அதிகம்கிறதால அது கரைஞ்சே கிடக்கும். மாக்மா மேலே வர வர, தலைக்கு மேல இருக்கிற பாறையோட கனம் குறையும். அப்போ கரைஞ்சிருந்த வாயு குமிழா பிரியும். ராத்திரி அரைச்சு வச்ச இட்லி மாவு காலையில பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி நிக்குமே, அதுல யாரும் கூடுதலா மாவு ஊத்தலை. உள்ளே உண்டான குமிழ்தான் காரணம். மாக்மாவும் அப்படித்தான். கீழே இருந்து புதுசா எதுவும் வராமலே குமிழால மட்டும் அதோட கொள்ளளவு கூட முடியும். ஒரு லிட்டர் தண்ணி சாதாரண அழுத்தத்துல ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். பாறைக்குள்ள அந்த இடம் கிடைக்காது. கிடைக்காத இடம்தான் அழுத்தமா மாறுது.

எவ்வளவு அழுத்தம்? ஒரு கிலோமீட்டர் ஆழத்துல, மேலே இருக்கிற பாறையோட கனம் மட்டுமே நம்ம காற்று மண்டல அழுத்தத்தை விட சுமார் 250 மடங்கு. நாலு கிலோமீட்டர்னா ஆயிரம் மடங்கு. இந்தப் பெரிய எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. மாக்மா உள்ளே இருந்து தள்ளுது, பாறை வெளியே இருந்து அமுக்குது, ரெண்டும் கிட்டத்தட்ட சமம். நமக்கு வேண்டியது அந்தக் 'கிட்டத்தட்ட'ல இருக்கிற வித்தியாசம். பாறையின் கனத்தைத் தாண்டி மாக்மா கூடுதலா எவ்வளவு தள்ளுதுன்னு பார்க்கணும். பாறையை நசுக்குறது ரொம்பக் கஷ்டம். ஆனா இழுத்துப் பிளக்குறது அதைவிட ரொம்பச் சுலபம். விறகுக் கட்டையில ஆப்பு வச்சுப் பிளக்குறதைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். அந்தக் கூடுதல் அழுத்தம், பாறை பிளவுபடுற எல்லையைத் தொட்டா விரிசல் விழும். தொடலைன்னா பாறை வளைஞ்சு கொடுக்கும். அந்த வளைவுதான் நாம மேலே இருந்து பார்க்கிற வீக்கம்.

வீக்கத்தைப் பார்த்து உள்ளே இருக்கிறதைக் கணக்குப் போட ஒரு வழியைக் கொடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த கியூ மோகி. 1914ல ஜப்பான்ல சகுராஜிமா எரிமலை வெடிச்சப்போ, சுத்தி இருந்த நிலம் தாழ்ந்துபோச்சு. அந்த அளவுகளையும் ஹவாய்ல கிலாவேயா எரிமலையோட அளவுகளையும் வச்சு 1958ல அவர் ஒரு கட்டுரை எழுதினார். இன்னைக்கும் உலகத்துல எந்த எரிமலை வீங்கினாலும் முதல்ல போட்டுப் பார்க்கிற கணக்கு 'மோகி மாடல்'தான்.

கருத்து ரொம்ப எளிமை. உங்க மெத்தை மேல விரிச்ச பெட்ஷீட்டுக்கு நேர் கீழே ஒரு பந்தை வைங்க. சின்னதா, செங்குத்தா ஒரு மேடு தெரியும். அதே பந்தை மெத்தைக்கு அடியில வைங்க. மேடு தாழ்வா, ஆனா அகலமா பரவும். மேட்டோட வடிவத்தைப் பார்த்தே பந்து எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு சொல்லிடலாம். மோகி இதைத்தான் கணக்கா எழுதினார். வீக்கம் எந்த இடத்துல உச்சம், எவ்வளவு தூரத்துல பாதியா குறையுதுன்னு அளந்தா மாக்மா இருக்கிற ஆழமும், எவ்வளவு புதுசா சேர்ந்திருக்குங்கிறதும் தோராயமா கிடைக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். என்னைக் கேட்டா இன்னைக்கு எபிசோட்ல ரொம்ப முக்கியமான விஷயம் இதுதான். ஒரு சின்ன அறையில அழுத்தம் பயங்கரமா கூடினாலும், ஒரு பெரிய அறையில அழுத்தம் லேசா கூடினாலும், மேலே தெரியுற வீக்கம் ஒரே மாதிரி இருக்கும். மோகி கணக்குல அழுத்தமும் அறையோட அளவும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கித்தான் வரும். தனித்தனியா பிரிக்க முடியாது. 12ங்கிற விடையை மட்டும் கொடுத்துட்டு, அது மூணு நாலா, ரெண்டு ஆறான்னு கேட்கிற மாதிரி. அதாவது, வீக்கம் அழுத்தமானி இல்லை. பாறை பிளக்க இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அது நேரடியா சொல்லாது. பாறை எவ்வளவு தாங்கும்னு சொல்லவே சொல்லாது.

அளக்கிற கருவிகள்ல குறை இல்லை. சாய்மானமானின்னு ஒண்ணு இருக்கு. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை போட்டு, ஒரு முனைக்கு அடியில உங்க ஏடிஎம் கார்டைச் சொருகினா அந்தப் பலகை எவ்வளவு சாயும்? அந்தச் சாய்வைக் கண்டுபிடிச்சுடும். நம்ம போன்ல இருக்கிற அதே ஜிபிஎஸ், ஆனா பாறையில நிரந்தரமா பதிச்ச நல்ல கருவி, சில மில்லிமீட்டர் அசைவைக் காட்டும். மேலே இருந்து ரேடார் செயற்கைக்கோள்களும் பார்க்குது. ஐரோப்பாவோட சென்டினல்-1 2014ல இருந்து இந்த வேலையைச் செய்யுது. ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில ரெண்டு தடவை படம் எடுத்து, ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சா, வானவில் மாதிரி வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் நிலம் செயற்கைக்கோளை நோக்கியோ விலகியோ சுமார் 2.8 சென்டிமீட்டர் நகர்ந்திருக்குன்னு அர்த்தம்.

அழுத்தத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிஞ்ச இடமும் உண்டு. கிலாவேயா உச்சியில 2008ல இருந்து 2018 வரைக்கும் ஒரு லாவா ஏரி திறந்தே கிடந்தது. உள்ளே அழுத்தம் கூடினா தரை வீங்கும், ஏரி மட்டமும் ஏறும். குறைஞ்சா ரெண்டும் இறங்கும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கிற பழைய பாதரசக் கருவி மாதிரி. ஆனா இந்த அதிர்ஷ்டம் எல்லா எரிமலைக்கும் கிடைக்காது. பெரும்பாலானதுக்கு வாய் அடைச்சிருக்கும்.

செயின்ட் ஹெலன்ஸுக்கும் அடைச்சிருந்தது. 1857க்கு அப்புறம் அமைதியா இருந்த மலை. 1980 மார்ச் 20ல ஒரு நிலநடுக்கம், அளவு 4.2. ஒரு வாரத்துல உச்சியில நீராவி வெடிப்பு. கெட்டியான, பிசின் மாதிரியான மாக்மா மேலே ஏறி வந்தது. ஆனா உச்சி வரைக்கும் வரலை. மலையோட உடம்புக்குள்ளேயே ஒதுங்கி, அங்கேயே திரண்டு, வடக்குப் பக்கத்தை வெளியே தள்ளிச்சு. மே நடுவுல அந்தச் சரிவு சுமார் 140 மீட்டர் வெளியே வந்திருந்தது. ஒரு நாப்பது மாடிக் கட்டடத்தைப் படுக்க வச்ச நீளம்.

இப்போ கவனிங்க. மோகி கணக்குல மேலே இருக்கிற நிலம் தட்டையா, கெட்டியா இருக்கு. இங்கே அப்படி இல்லை. ஏற்கெனவே செங்குத்தான, பல நூறு வருஷமா அடுக்கடுக்கா விழுந்த உதிரிப் பாறையால ஆன ஒரு சரிவு. அதை உள்ளே இருந்து ஒருத்தர் தள்ளிக்கிட்டே இருக்கார். அதனால இங்கே கேள்வி 'மாக்மா எப்போ வெளியே வரும்' இல்லை, 'சரிவு எப்போ கீழே போகும்'. இந்த ஆபத்தை முன்னாடியே எழுதிக் கொடுத்தவர் ஒருத்தர் இருந்தார். நிலச்சரிவு நிபுணர் பேரி வாய்ட். (ஹாலிவுட் ரசிகர்களுக்கு ஒரு கொசுறு: இவர் நடிகர் ஜான் வாய்ட்டோட அண்ணன். அப்படின்னா ஏஞ்சலினா ஜோலிக்குப் பெரியப்பா.) சரிவு இடியலாம்னு விஞ்ஞானிகளுக்குத் தெரியும். எவ்வளவு இடியும், அதுக்கு அடுத்து என்ன ஆகும்னு முழுசா யாரும் ஊகிக்கலை.

8:32க்கு அளவு 5.1ல ஒரு நிலநடுக்கம். வடக்குச் சரிவு பிடி விட்டுச்சு. சுமார் 2.5 கன கிலோமீட்டர் பாறை கீழே போச்சு. பதிவான வரலாற்றுலயே பெரிய நிலச்சரிவு அது. அடுத்து நடந்ததுக்கு கோலி சோடாவை நினைச்சுக்கோங்க. பாட்டிலுக்குள்ள வாயு அழுத்தம் முழுக்க அப்படியே இருக்கு. ஒண்ணும் கூடலை, குறையலை. கட்டை விரலால கோலியை அமுக்கின கணத்துல எல்லாம் பொங்கிடுது. செயின்ட் ஹெலன்ஸ்ல கோலி, அந்தச் சரிவு. உள்ளே இருந்த மாக்மா மேல கிடந்த கனம் ஒரே நிமிஷத்துல இல்லாம போக, கரைஞ்சிருந்த வாயு மொத்தமா குமிழாகி, மேலே போகாம பக்கவாட்டுல வெடிச்சது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு படுத்துடுச்சு. மலை உச்சியில 400 மீட்டர் காணாம போச்சு.

இப்போ அந்தப் 'புதுசா எதுவும் இல்லை'க்கு வருவோம். கோலி சோடாவைத் திறக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அளந்தா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஜான்ஸ்டனோட கருவி சரியாத்தான் வேலை செஞ்சது. அது அளந்தது வீக்கத்தை. உடைஞ்சது பாறையோட பிடி. அதை அளக்க அன்னைக்கும் கருவி இல்லை, இன்னைக்கும் இல்லை.

அதுக்காக அந்த அளவு வீணா போகலை. அந்த வீக்கத்தைக் காட்டித்தான் விஞ்ஞானிகள் மலையைச் சுத்தித் தடை போட வச்சாங்க. அதுல ஜான்ஸ்டனும் ஒருத்தர். வாரக்கணக்குல எதுவும் நடக்காம இருந்ததும், மக்களுக்குப் பொறுமை போயிடுச்சு. ஸ்பிரிட் லேக் ஏரிக்கரையில வீடு வச்சிருந்தவங்க சத்தம் போட்டாங்க. ஏரிக்கரையில லாட்ஜ் நடத்தின ஹாரி ட்ரூமன்ங்கிற பெரியவர் கிளம்பவே மாட்டேன்னுட்டார். கடைசியில அதிகாரிகள் இறங்கி வந்து, சனிக்கிழமை, மே 17ஆம் தேதி, வீட்டுக்காரங்களைப் போலீஸ் துணையோட உள்ளே விட்டாங்க. சாமான் எடுத்துக்கிட்டு திரும்பினாங்க. அடுத்த குழு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் போறதா ஏற்பாடு. மலை வெடிச்சது 8:32க்கு. ஒன்றரை மணி நேரம். ஞாயிறுங்கிறதால மரம் வெட்டுற தொழிலாளர்களும் பெரும்பாலும் காட்டுல இல்லை. தடை மட்டும் இல்லைன்னா, வேலை நாளா இருந்திருந்தா, அந்த 57 எங்கே போய் நின்னிருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தடை எல்லைக்கு வெளியேதான் இருந்தாங்க. பக்கவாட்டு வெடிப்பு அவ்வளவு தூரம் வரும்னு எல்லை போட்டவங்க எதிர்பார்க்கலை.

சரி, வீங்கினா உடனே கிளம்பிடணும், அவ்வளவுதானேன்னு தோணலாம். அப்படித் தோணினா இத்தாலிக்கு வாங்க.

நேப்பிள்ஸுக்கு மேற்கே பொட்சுவோலின்னு ஒரு துறைமுக ஊர். அந்தப் பேரை நீங்க ஏற்கெனவே பார்த்திருக்கீங்க. வீடு கட்டுற இடத்துல சிமென்ட் மூட்டையில 'போர்ட்லேண்ட் பொஸோலானா சிமென்ட்'னு போட்டிருக்குமே, அந்தப் பொஸோலானா இந்த ஊர் பேர்ல இருந்து வந்ததுதான். ரோமானியர்கள் கட்டடம் கட்டப் பயன்படுத்தின எரிமலைச் சாம்பல் இங்கே கிடைச்சது. கிடைக்காம என்ன, ஊரே ஒரு எரிமலைக்குள்ளதான் இருக்கு. காம்பி பிளெக்ரேய்னு பேர். கூம்பு மாதிரி மலை கிடையாது. பெரிய, தாழ்வான பள்ளம். அதுக்குள்ள வீடு, ஸ்கூல், துறைமுகம், எல்லாம்.

இந்த ஊர்ல 1750ல ஒரு ரோமானிய சந்தையைத் தோண்டி எடுத்தாங்க. அங்கே ஒரு தெய்வச் சிலை கிடைச்சதால கோயில்னு நினைச்சு செராபிஸ் கோயில்னே பேர் வச்சுட்டாங்க. அதுல மூணு பளிங்குத் தூண் நிமிர்ந்து நிக்குது. கீழே முதல் 12 அடி வழவழப்பு. அதுக்கு மேல 9 அடி உயரத்துக்கு ஓட்டை ஓட்டையா இருக்கு. அந்த ஓட்டையைப் போட்டது கல்லைத் துளைக்கிற ஒரு கடல் சிப்பி. அப்படின்னா, கட்டினப்போ தரையில இருந்த சந்தை, பிறகு அந்த உயரத்துக்குக் கடலுக்குள்ள மூழ்கியிருக்கு. கீழ்ப்பகுதி மண்ணுல புதைஞ்சிருந்ததால சிப்பி தொடலை. பிறகு நிலம் மறுபடி மேலே வந்திருக்கு. அதுவும் தூண் விழாம! சார்ல்ஸ் லயல் 1830ல வெளியிட்ட புகழ்பெற்ற புவியியல் புத்தகத்தோட முகப்புப் படமே இந்தத் தூண்கள்தான். உலகத்துலயே மெதுவான அழுத்தமானின்னு நான் இதைச் சொல்வேன்.

மத்த காலத்துல மெல்லத் தாழ்ந்துக்கிட்டிருந்த அந்த நிலம், 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல மேலே வந்துச்சு. கடல் பின்வாங்கினதால கிடைச்ச புது நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்த அரசு ஆவணங்களே இருக்கு. 1538 செப்டம்பர் கடைசியில பூமி வெடிச்சு, ஏறக்குறைய ஒரு வாரத்துல ஒரு புது மலை எழுந்துச்சு. அதோட பேரே மோன்டே நுவோவோ, புது மலை. இது வீக்கம் வெடிப்புல முடிஞ்ச கதை.

அடுத்த கதை அப்படி இல்லை. 1970 மார்ச்ல, நிலம் மறுபடி ஏறுதுன்னு தெரிஞ்சதும், பொட்சுவோலியோட பழைய மேட்டுப் பகுதி ரியோனே தெர்ராவை அரசாங்கம் காலி பண்ண வச்சது. சுமார் 3,000 பேர். ராணுவ வண்டி, போலீஸ், குழந்தை குட்டியோட ஜனம். மலை வெடிக்கலை. அந்தக் குடும்பங்கள் அந்த வீடுகளுக்குத் திரும்பவும் இல்லை. 1982ல இருந்து 84க்குள்ள நிலம் மறுபடி 1.8 மீட்டர் ஏறுச்சு. துறைமுகத்துல தண்ணி குறைஞ்சு படகு கட்ட முடியலை. தொடர்ந்து நிலநடுக்கம். சுமார் 40,000 பேரை வெளியேத்தினாங்க. அவங்களுக்காக மோன்டெரூஷெல்லோன்னு ஒரு புது ஊரே கட்டினாங்க. அப்பவும் வெடிக்கலை. நிலம் மெல்ல இறங்க ஆரம்பிச்சுடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு தலைமுறைக்குள்ள ரெண்டு தடவை வீட்டை விட்டுப் போங்கன்னு சொல்லி, ரெண்டு தடவையும் ஒண்ணும் நடக்கலை. மூணாவது தடவை யார் கிளம்புவா? விஞ்ஞானிகள் தப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்றது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 1538க்கு முன்னாடி வந்த வீக்கமும் 1984ல வந்த வீக்கமும் ரெண்டும் வீக்கம்தான். முதல்ல பார்த்த அதே சிக்கல். எது பாறையோட எல்லையைத் தொட்டது, எது தொடலைன்னு வீக்கத்துல எழுதியிருக்காது. காம்பி பிளெக்ரேய்ல இன்னொரு குழப்பமும் சேருது. கீழே தள்ளுறது மாக்மாவா, இல்லை மாக்மா விட்ட வாயுவும் சூடான தண்ணியும் பாறை இடுக்குல சேர்ந்து தள்ளுதான்னு இன்னும் வாதம் நடக்குது. குக்கர்ல விசில் வர்றதுக்குக் காரணம் அரிசி இல்லையே, ஆவிதானே.

வீக்கத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துபோற இன்னொரு இடம் ஐஸ்லாந்து. 2023 அக்டோபர் கடைசியில ஸ்வார்ட்செங்கிங்கிற இடத்துல நிலம் வீங்குது. பக்கத்துல ஒரு புவிவெப்ப மின் நிலையம், இன்ஸ்டாகிராம்ல நீங்க பார்த்திருக்கிற புளூ லகூன் குளம் எல்லாம் இருக்கு. கொஞ்சம் தள்ளி கிரிண்டாவிக்ங்கிற மீனவர் ஊர். நவம்பர் 10ஆம் தேதி மதியத்துக்கு மேல நிலநடுக்கம் சரமாரியா வருது. வீங்கிக்கிட்டிருந்த ஸ்வார்ட்செங்கி திடீர்னு இறங்குது. அழுத்தம் குறைஞ்சா நல்லதுதானே? இல்லை. உள்ளே இருந்த மாக்மா எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். பாறையைச் செங்குத்தா பிளந்துக்கிட்டு, ஆப்பு மாதிரி, சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுச்சு. அந்த விரிசல் போன பாதை கிரிண்டாவிக் ஊருக்கு நேர் கீழே. ஆப்புக்கு ரெண்டு பக்கமும் நிலம் விலக, நடுவுல இருந்த தரை ஒரு மீட்டருக்கு மேல தாழ்ந்து, ரோடு பிளந்தது.

மாக்மா ஓடின வேகம் உச்சத்துல விநாடிக்கு 7,400 கன மீட்டர்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க. நம்ம ஊர் நியூஸ் பாஷையில சொன்னா விநாடிக்கு 2.6 லட்சம் கன அடி. மேட்டூர்ல 2 லட்சம் கன அடி திறந்தாலே காவிரிக் கரை முழுக்க எச்சரிக்கை போகும். இது ஒரு விரிசலுக்குள்ள ஓடின பாறைக்குழம்பு. ஆச்சரியம் என்னன்னா, இதுக்குப் பெரிய கூடுதல் அழுத்தம் தேவைப்படலை. ஐஸ்லாந்துல ரெண்டு நிலத்தட்டு விலகிக்கிட்டே இருக்கு. பாறை ஏற்கெனவே நூற்றாண்டுக்கணக்கா இழுபட்டு, பிளக்கத் தயாரா இருந்தது. லேசான தள்ளல் போதும். செயின்ட் ஹெலன்ஸ்ல பார்த்த அதே பாடம்தான், வேற ரூபத்துல: தள்ளுறவர் எவ்வளவு பலசாலிங்கிறது பாதிக் கணக்கு, கதவு எவ்வளவு உறுதிங்கிறது மீதி.

அன்னைக்கு ராத்திரியே சுமார் 3,800 பேரை வெளியேத்தினாங்க. அடுத்த சில நாள்ல சாமான் எடுக்க நிமிஷக் கணக்கு வச்சு உள்ளே விட்டாங்க. வெடிப்பு வந்தது 38 நாள் கழிச்சு, டிசம்பர் 18ல. 2024 ஜனவரி 14ல லாவா ஊருக்குள்ளேயே வந்து மூணு வீட்டை எரிச்சது. அந்த நேரத்துல ஊர்ல ஆள் இல்லை. சில மணி நேரம் முன்னாடி, அதிகாலையில மறுபடி கிளப்பியிருந்தாங்க. அதுக்கப்புறம் அங்கே வீங்குறதும் வெடிக்கிறதும் மாறி மாறி நடக்க, ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லியன் கன மீட்டர் சேர்ந்திருக்குன்னு கணக்குப் பார்த்து, 'இனி எப்போ வேணும்னாலும்'னு அறிவிக்கிற முறைக்கு வந்தாங்க. ஒரே எரிமலை திரும்பத் திரும்ப வெடிச்சா, அதோட பழக்கம் நமக்குப் பிடிபடும். அதுவும் நிரந்தரம் இல்லை. போகப் போக முன்னை விட அதிகமா சேர்ந்தும் வெடிக்காம காக்க வச்சது.

பொட்சுவோலிக்கு அந்த வசதி இல்லை. கடைசியா வெடிச்சது 1538. நிலம் 2005ல இருந்து மறுபடி ஏறிக்கிட்டு இருக்கு. 2025க்குள்ள உச்ச இடத்துல சுமார் 1.4 மீட்டர். 2024 மே 20ல அளவு 4.4, 2025 மார்ச்ல 4.6ன்னு நிலநடுக்கங்கள். ஆபத்து வலயத்துக்குள்ள வாழுறவங்க சுமார் 5 லட்சம் பேர்.

வீக்கம் சொல்லாததை வேற எங்கேயாவது கேட்க முடியுமான்னு இப்போ பார்க்கிறாங்க. 2023ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் இத்தாலியோட எரிமலை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடிச்சிருந்தது. நிலம் எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் பார்க்காம, ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறும்போதும் எத்தனை நிலநடுக்கம் வருதுன்னு பார்த்தாங்க. பாறை வளையுற கட்டத்துல, நிலம் நிறைய ஏறினாலும் நிலநடுக்கம் கம்மி. உடையுற கட்டத்துக்கு வந்துட்டா, கொஞ்சம் ஏறினாலே நிலநடுக்கம் அதிகம். மூங்கில் குச்சியை வளைக்கும்போது முதல்ல சத்தமே வராது. அப்புறம் நார் நாரா நொறுங்குற சத்தம் வரும். அந்தச் சத்தத்தை எண்ணுறாங்க. காம்பி பிளெக்ரேய்ல பாறை வளையுற நிலையில இருந்து உடையுற நிலைக்கு மாறிக்கிட்டிருக்குன்னு அவங்க முடிவு. 1970, 1984ல எல்லாம் ஏறி இறங்கினதும் கணக்குல சேரும்னு சொல்றாங்க. வெடிக்காம போனதால அது ரத்தாகலை. ஒவ்வொரு தடவையும் பாறை கொஞ்சம் பலவீனமாச்சு. அதே சமயம், பாறை உடைஞ்சா வெடிச்சுத்தான் ஆகணும்னும் அவங்க சொல்லலை. உடைஞ்ச வழியா வாயு மட்டும் தப்பிச்சு, அழுத்தம் இறங்கவும் வாய்ப்பு இருக்கு. மாக்மா அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கணும், விரிசல் மேலே வரைக்கும் திறக்கணும்.

அதுவரைக்கும் என்ன பண்றாங்க? நேப்பிள்ஸ்ல வெசுவியஸ் ஆய்வகம், 1841ல தொடங்கினது, உலகத்துலயே பழைய எரிமலை ஆய்வகம், வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஓர் அறிக்கை போடுது. நிலம் இந்த மாசம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுச்சு, எத்தனை நிலநடுக்கம், வாயு எவ்வளவு. யார் வேணும்னாலும் இணையத்துல படிக்கலாம். எச்சரிக்கை நிலைக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு நாலு நிறம். 2012 டிசம்பர்ல இருந்து அது மஞ்சள். அந்த மஞ்சளோடவே அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைங்க ஸ்கூல் போறாங்க, நிலநடுக்கம் வந்தா மேஜைக்கு அடியில போறதுக்கும், சிவப்பு வந்தா எந்த பஸ் எங்கே நிக்கும்கிறதுக்கும் பயிற்சி எடுக்கிறாங்க. சிவப்பு அறிவிச்சா 72 மணி நேரத்துல 5 லட்சம் பேரைக் கிளப்பணும்ங்கிறது திட்டம். அந்த 72 மணி நேரத்தை மலை கொடுக்குமாங்கிறதுதான் இன்னைக்கு அங்கே இருக்கிற விஞ்ஞானிகளைத் தூங்க விடாத கேள்வி.